கை பிடித்த பிறகு

ஆடத் தெரியாதவள் போல நடிப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று குமுதா நினைக்கவே இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இருந்தது அந்த நீளமான அறை. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே சால்சா கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு பேர் கைகோத்து ஆடும் ஆட்டம். நடத்துகிறவரை லீட் என்பார்கள். அவர் கை சொல்வதைப் புரிந்துகொண்டு கூடவே ஆடுகிறவர் ஃபாலோ. ஜோடியோடுதான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, கற்றுக்கொடுக்கும் ஜீவன் கை தட்டுவார். உடனே ஃபாலோக்கள் நகர்ந்து அடுத்த லீடிடம் போய்விட வேண்டும். புருஷன் பெண்டாட்டியாக வந்தவர்களுக்கும் அதே சட்டம்தான்.

குமுதா ஈப்போவில் மூன்று வருஷம் ஆடியவள். ஆனாலும் பெயர் கொடுக்கும்போது ‘புதுசு’ என்று சொல்லிவிட்டாள். சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே. வலது காலுக்குப் பதில் இடது காலை வைத்தாள். ஜீவன் காட்டியதையே மறுபடியும் காட்டச் சொன்னாள். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாள். எல்லாம் ஜெயராஜிடம் வந்து சேரும் வரைக்கும்தான்.

ஜெயராஜ் நாற்பதைத் தொட்டவர். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் சரக்குகளைக் கவனிக்கும் ஆபீஸ் ஒன்றில் வேலை. நிஜமாகவே புதுசு. விளிம்பு வரை தே தாரிக் டீ ஊற்றிய கிளாசைப் பிடிப்பது போல அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு அடி வைத்தார். வியர்வையில் மூக்குக் கண்ணாடி வழுகி வழுகி இறங்கியது. ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் கண்ணாடியை ஏற்றிவிடக் கையைத் தூக்கினார். அவள் கையைப் பிடித்திருந்த அதே கையை.

சால்சாவில் லீட் கையைத் தூக்கினால் ஃபாலோ சுற்ற வேண்டும் என்று அர்த்தம்.

குமுதா யோசிக்கவில்லை. உடம்பு யோசிக்க விடவில்லை. அந்தக் கைக்கு அடியில் பம்பரம் போல ஒரு சுற்று சுற்றி, பிசகில்லாமல் வந்து நின்றாள். ஜெயராஜ் கண்ணாடியில் விரலை வைத்தபடி அப்படியே உறைந்துபோனார்.

“நான் ஒண்ணும் பண்ணல மிஸ்” என்றார்.

ஜீவன் பாட்டை நிறுத்தினார். பகலெல்லாம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற ஆள்; நல்ல பருமன்; ஆனால் ஆடும்போது தரைக்கு வலிக்காது.

“பாஸ், கண்ணாடிய தள்ளுனதுக்கே இந்தச் சுத்து சுத்துறாங்க. நீங்க நெஜமா லீட் பண்ணா மாடிய விட்டே பறந்துருவாங்க போல.”

அறையே சிரித்தது. குமுதாவுக்குக் காது மடல் சூடானது.

வகுப்பு முடிந்ததும் ஜீவன் அவள் பக்கமாக வந்தார். “எங்க ஆடுனீங்க?”

“ஈப்போல. கொஞ்ச நாள்தான்.”

“கொஞ்ச நாள்ல அந்தச் சுத்து வராது லா. பின்ன ஏன் புதுசுன்னு சொன்னீங்க?”

“எனக்கு டைமிங் வராது சார். முந்திருவேன். அதான், முதல்லேருந்து கத்துக்கலாம்னு.”

ஜீவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல், “சரி, வாங்க. அடுத்த வாரமும் வாங்க” என்று மட்டும் சொன்னார்.

டைமிங் வராது என்பது அவளாகக் கண்டுபிடித்தது இல்லை. கமலநாதன் சொன்னது. ஈப்போ குழுவில் பேர் வாங்கிய ஆட்டக்காரர் அவர். தோளை ஒரு வெட்டு வெட்டி நிற்பார் பாருங்கள், அதற்காகவே ஆட்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அவருக்கும் அவளுக்கும் நிச்சயம் முடிந்த கையோடு, “இனிமே மத்தவங்களோட ஆடறது எதுக்கு?” என்றார். அவளுக்கு அது அன்பாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு அவரோடு மட்டும்தான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவர் சொல்வது ஒன்றே ஒன்று: “நீ முந்துற.” அவள் நிதானித்தாள். அப்படியும் முந்தினாள். இன்னும் நிதானித்தாள். அவர் கை அசைந்து, அவர் கால் தரையில் ஊன்றும் வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கப் பழகினாள்.

மண்டபம் பேசி முடித்த பிறகு ஒருநாள், “நமக்கு ஒத்து வராது குமுதா. சேர்ந்து ஆடவே ஒத்து வரல, சேர்ந்து எப்படி வாழறது?” என்று சொல்லி விலகிக்கொண்டார்.

கல்யாணம் நின்றதைக்கூட அவள் ஜீரணித்துவிட்டாள். அந்தக் கேள்விதான் தொண்டையில் முள்ளாக நின்றது. தன் பக்கத்தில் நின்று யாராலும் அடி எடுத்து வைக்க முடியாதோ? தன்னிடமே ஏதோ கோளாறோ? தான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபில் கிள்ளான் கிளைக்கு மாற்றல் கேட்டு, அண்ணன் கன்னையா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்த முள்ளும் கூடவே வந்தது. கோளாறு நிஜமா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த டான்ஸ் வகுப்புக்கு மாடி ஏறினாள். ஆட்டம் கற்றுக்கொள்ள இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி தனலெட்சுமி தையல் மிஷினில் இருந்தாள். பக்கத்து ஊரான மேருவிலிருந்து ஒரு கல்யாண வீட்டின் ஜாக்கெட்டுகள் மொத்தமாக வந்து குவிந்திருந்தன. அண்ணன் லோரியோடு ஜொகூர் பக்கம் போயிருந்தார்.

“என்ன மூஞ்சி அது? கால மிதிச்சிட்டாங்களா?” என்றாள் அண்ணி.

“இல்ல அண்ணி. சுத்திட்டேன்.”

“டான்ஸ் கிளாஸ்ல சுத்தாம, பின்ன பாசார்லயா சுத்துவாங்க?”

குமுதா நடந்ததைச் சொன்னாள். அண்ணி வாயிலிருந்த ஊசியை எடுத்து வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தாள். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “சரி, எதுக்குப் புதுசுன்னு பொய் சொன்ன?”

“நெஜமா எனக்கு வராதுதானே அண்ணி.”

“யாரு சொன்னா?”

அண்ணிக்குத் தெரியாதா என்ன.

“இங்க பாரு. ஒருத்தி வந்து ‘அக்கா, என் இடுப்பு முப்பத்திரெண்டு’ன்னு வாயால சொன்னா நான் துணிய வெட்டிருவேனா? டேப்ப எடுத்து அளப்பேன். நீ அளந்து பாத்தியா? அவன் சொன்னான், நீ வெட்டிக்கிட்ட.” மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. “கொழம்பு அடுப்புல இருக்கு. போட்டுச் சாப்பிடு. சும்மா உப்பு கம்மின்னு சொல்லாத.”

அடுத்தடுத்த வாரங்களில் குமுதாவும் ஜெயராஜும் ஒரே ரயிலில் வர ஆரம்பித்தார்கள். யாரும் பேசிவைத்துச் செய்ததில்லை. அவர் ஜெஞ்சாரோமிலிருந்து மோட்டாரில் கிள்ளான் ஸ்டேஷன் வந்து கொமுட்டர் பிடிப்பார்; அதே கொமுட்டரை விட்டால் அவளுக்கும் வேறு வழியில்லை. கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தால் வகுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் கிடைக்கும். சீக்கிரம் வருகிறவர்கள் பாட்டுப் போட்டுப் பழகிக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். சீக்கிரம் வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள் இரண்டு பேர்தான்.

“எதுக்கு டான்ஸ்?” என்று ஒருநாள் கேட்டாள்.

“அம்மா இருந்த வரைக்கும் வீட்ல பேச ஆள் இருந்துச்சு மிஸ். இப்ப டிவி பேசுது, நான் பதில் சொல்றேன். போன மாசம் செய்தி வாசிக்கிற பொண்ணுக்கிட்ட ‘சாப்டியாம்மா’ன்னு கேட்டேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், மனுசங்கள பாக்கணும்னு.”

நல்ல மனிதர். சிரிக்கவைப்பார். ஆனால் விநோதம், வாரம் ஏற ஏற அவர் ஆட்டம் கெட்டுக்கொண்டே வந்தது. முதலில் நேராக வைத்த அடி இப்போது தயங்கியது. பாதியில் நின்று, “சாரி மிஸ், முந்திட்டேன்” என்பார். மறுபடி தொடங்குவார். மறுபடி, “சாரி.” போனில் தாளம் தட்டும் ஆப் ஒன்றை இறக்கி, ரயிலில்கூடக் காதில் மாட்டிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டு வந்தார். குமுதாவுக்குப் பாவமாக இருந்தது. ‘எனக்கு வந்த வியாதி இவருக்கும் வந்துவிட்டதே’ என்று நினைத்தாள். முந்துகிறவர்களின் அவஸ்தை அவளுக்குத் தெரியாதா? அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இன்னும் நிதானமாக, இன்னும் பொறுமையாகக் காத்திருந்து ஆடினாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை அந்த அறையில் ஏர்கோன் செத்துப்போனது.

வெளியே மழை வருவேன் வருவேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த சாயங்காலம். உள்ளே இட்லிப் பானை மாதிரி ஆவி. ஒருவர் கையை ஒருவர் பிடிக்க யாருக்கும் மனசில்லை.

“சரி, இன்னிக்கு ஜோடி வேணாம்” என்றார் ஜீவன். “வரிசையா நில்லுங்க. தனித்தனியா ஆடலாம்.” சுவர் நீளத்துக்குக் கண்ணாடி உண்டு அங்கே, கூட ஆடுகிறவரைப் பார்க்காமல் தங்களையே பார்த்துக்கொள்கிறார்கள் என்று அதைத் திரை போட்டு மூடியே வைத்திருப்பார். அன்றைக்குத் திரையை ஒதுக்கிவிட்டார். எல்லாரும் கண்ணாடியைப் பார்த்து நின்றார்கள்.

குமுதா பின்வரிசையில் ஒதுங்கினாள். தனியாக ஆடி எத்தனை நாளாயிற்று. பாட்டு ஆரம்பித்தது. கண்ணாடியில் தன் காலைப் பார்க்கப் பயந்து ஜீவனின் காலையே பார்த்தாள். அவர் கால் விழுந்தது. பாட்டில் மத்தள அடி விழுந்தது. கண்ணாடியின் ஓரத்தில் இன்னொரு கால், பச்சைச் செருப்பு போட்ட கால், அதே நேரத்தில் விழுந்தது.

பச்சைச் செருப்பு அவளுடையதுதான்.

தற்செயல் என்று நினைத்தாள். அடுத்த அடியும் அப்படித்தான் விழுந்தது. அதற்கடுத்ததும். பாட்டு வேகமெடுத்தபோது முன்வரிசையில் ரெண்டு பேர் தடுமாறினார்கள். அவள் தடுமாறவில்லை. பாட்டு மாறியது, இன்னொன்று வந்தது. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு ஆடி, திடீரென்று திறந்து பார்த்தாள். ஜீவனின் காலும் பச்சைச் செருப்பும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

அப்போது மழை கொட்டியது. யாரோ ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். குளிர்ந்த காற்று வந்ததும் ஜீவன், “போதும், ஜோடி சேருங்க” என்றார். பக்கத்தில் நின்றவர் ஜெயராஜ். கையைத் துண்டில் துடைத்துவிட்டு நீட்டினார்.

கண்ணாடி இன்னும் திறந்தே இருந்தது. அவர் தோளுக்கு மேலாக அவளுக்கு எல்லாம் தெரிந்தது. மத்தளம் விழுந்தது, ஜெயராஜின் கால் விழுந்தது. சரியாக. பச்சைச் செருப்பு அந்தரத்தில் நின்றது. எதற்கோ காத்திருந்தது. பிறகு, ஓர் இமைப்பொழுது தாமதித்து, இறங்கியது.

ஜெயராஜ் உடனே அடியை இழுத்துப் பிடித்தார். “சாரி மிஸ். திரும்பவும் முந்திட்டேன்.”

குமுதா ‘இல்லை’ என்று சொல்ல வந்தாள். வாயைத் திறப்பதற்குள் ஜீவன் கை தட்டினார், நகர வேண்டியதாயிற்று. அடுத்தவரிடம் ஆடினாள், அதற்கடுத்தவரிடமும். கண்ணாடி ஒளிக்காமல் காட்டிக்கொண்டே இருந்தது. யார் கையைப் பிடித்தாலும் அவள் கால் காத்திருந்தது.

வகுப்பு கலைந்ததும் ஜெயராஜைத் தேடினாள். காணோம்.

“அவரு போய்ட்டாரு” என்றார் ஜீவன். “இனிமே வரலயாம். தாளமே காதுல விழல, கூட ஆடறவங்களுக்கு நான் தொல்லன்னு சொல்லிட்டுப் போறாரு. எவ்வளவோ சொன்னேன், கேக்கல.”

“அவருக்குத் தாளம் நல்லா விழுது சார்.”

“தெரியும்.”

“எனக்கும் விழுது.”

“அதுவும் தெரியும்” என்றார் ஜீவன். “தனியா விட்டா சரியா இருக்கீங்க. கைய பிடிச்ச பிறகுதான் யாருக்காகவோ நிக்கிறீங்க. முதல் நாளே சொல்லியிருப்பேன். ஆனா நீங்க வரும்போதே தீர்ப்போட வந்தீங்க. நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றாருன்னு நெனப்பீங்க.”

மீதியைக் கேட்க அவள் நிற்கவில்லை. குடையை மறந்துவிட்டு, மழைக்குள் கேஎல் சென்ட்ரலைப் பார்த்து ஓடினாள்.

ஓடும்போது அவளுக்குக் கமலநாதன் ஞாபகமே வரவில்லை. ஜெயராஜின் ‘சாரி’தான் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சரியாக வைத்த அடிக்கு எத்தனை சாரி கேட்டுவிட்டார் அந்த மனிதர். ஒருநாள்கூட அவள் ‘நீங்க முந்துறீங்க’ என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் இல்லை என்றும் சொன்னதில்லையே. தனக்கு ஒருவர் செய்ததைத் தானே இன்னொருவருக்குச் செய்துவிட்டு, பாவம் என்று இரக்கம் வேறு பட்டிருக்கிறாள்.

ரயில் தாமதம் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். நடைமேடைக் கோடியில் இருந்த பெஞ்சில், தோள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜெயராஜ் கறிபாப் தின்றுகொண்டிருந்தார். சொட்டச் சொட்ட வந்து நின்றவளைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

“என்னங்க மிஸ், வீட்ல எதும் பிரச்சனையா?”

“நீங்க முந்தல” என்றாள் மூச்சு வாங்க.

“என்னது?”

“நீங்க முந்தவே இல்ல. எல்லா வாரமும் சரியா வெச்சீங்க. நான்தான் லேட்டு. நான் காத்துக்கிட்டு நிக்கிறேன். நான் நிக்கிறத பாத்து நீங்க முந்திட்டதா நெனச்சிட்டீங்க.”

ஜெயராஜ் கறிபாப்பைப் பையின் மேல் வைத்தார். “சும்மா சொல்லாதீங்க மிஸ். நான் வரணும்னு சொல்றீங்க.”

“கண்ணாடில பாத்தேன் லா. என் கண்ணால பாத்தேன்.”

அவர் அப்படியே உட்கார்ந்தார். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டார். “நெஜமாவா? ஆபீஸ்ல ஸ்டேப்ளர் அடிக்கறதுகூட தாளத்தோட அடிச்சிப் பழகினேன். பக்கத்து சீட்டுக்காரன் இடத்த மாத்திட்டுப் போய்ட்டான்.”

குமுதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாருக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டாள் என்பதை முதன்முறையாக, வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் சொன்னாள். கமலநாதனின் பேர் சொன்னாள், தோள் வெட்டு சொன்னாள், மண்டபம் வரை சொன்னாள். ஜெயராஜ் குறுக்கிடாமல் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“அப்போ, அந்தாளுதானே லேட்டு?”

இவ்வளவு தூரம் வந்தவள் இந்த ஓர் அடியை மட்டும் எடுத்து வைக்கவே இல்லை. தனியாக ஆடினால் தாளத்தில் இருக்கிறாள். அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருப்பாள். தாளத்தில் இருந்தவளைப் பார்த்து முந்துகிறாய் என்று சொன்னவர் எங்கே இருந்திருப்பார்?

“ஆமா” என்றாள் மெல்ல. பிறகு கொஞ்சம் சத்தமாக, “ஆமா. அவருதான் லேட்டு.”

“நல்ல வேள மிஸ். கல்யாணம் நடந்திருந்தா முகூர்த்தம் தப்பியிருக்கும். ஐயர் கெட்டிமேளம் சொல்லி, மேளக்காரரு அடிச்சி முடிச்சி, பொட்டியில வெச்சிப் பூட்டுன பிறகு தாலிய எடுத்திருப்பாரு.”

குமுதா சிரித்த சிரிப்பில், எதிர் மேடையில் நின்ற மலாய்க்கார அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார். சிரித்து முடித்தபோது முகமெல்லாம் ஈரமாக இருந்தது. மழைதான் பாதி. தொண்டையில் கையை வைத்துப் பார்க்கத் தோன்றியது அவளுக்கு. முள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. எச்சில் விழுங்கினால் வலிக்கவில்லை.

“அடுத்த வாரம் வருவீங்களா?” என்று கேட்டாள்.

“நீங்க நிக்க மாட்டேன்னு சொன்னா வரேன்.”

“நிப்பேன். பழகிப்போச்சு, உடனே போகாது. ஆனா நான் நின்னாலும் நீங்க நிக்காதீங்க. சாரியும் கேக்காதீங்க.”

“அப்புறம் கால மிதிச்சிட்டா?”

“மிதிங்க.”

அப்படியே செய்தார். அடுத்த சனிக்கிழமை, ஏர்கோன் சரியாகி, கண்ணாடியின் திரை மறுபடி மூடியிருந்த அறையில், அவள் கால் வழக்கம்போல அந்தரத்தில் நின்றபோது ஜெயராஜ் இழுத்துப் பிடிக்கவில்லை. நேராக வந்து மிதித்தார். குமுதா ‘ஆ’ என்றாள். சாரி கேட்க வந்த வாயை அவர் இறுக மூடிக்கொண்டு அடுத்த அடியை வைத்தார். அவளுக்கு வேறு வழியில்லை, காலை எடுத்தாக வேண்டும். எடுத்தாள். இன்னொரு தரம் மிதி வாங்கினாள். பாட்டின் நடுவே எங்கேயோ, எந்த இடம் என்று பிறகு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை, மிதிபடுவது நின்றுபோயிருந்தது. அவர் கை சொன்னதும் அவள் கால் போனது. யார் யாரை அழைத்துப் போகிறார்கள் என்று பார்க்க நேரமில்லாமல் இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அவள் எல்லாரோடும் ஆடினாள். வகுப்புக்குப் பிறகு நடக்கும் பொது ஆட்டத்தில் அதுவரை தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவள், தானாகப் போய் முன்பின் பேசாத ஒருவரிடம், “ஒரு பாட்டு ஆடலாமா?” என்று கேட்டாள். அவர் வெகுநாளாக ஆடுகிறவர். ஆடி முடித்து, “நீங்க எங்கிருந்து வந்தீங்க? இத்தன நாளா எங்க இருந்தீங்க?” என்றார்.

“ஓரமா உட்கார்ந்திருந்தேன் அண்ணே” என்றாள் குமுதா.

எல்லாம் முடிந்து கூட்டமாக இறங்கி, வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். மேசைகளை இழுத்து ஒன்றாகப் போட்டார்கள். ஜீவன் இடம் காட்ட, அவள் நடுவில் உட்கார்ந்தாள். அண்ணியிடமிருந்து போன் வந்தது.

“எங்க இருக்க? சோறு வெக்கட்டுமா வேணாமா?”

“வேணாம் அண்ணி. இங்க எல்லாரோடயும் சாப்டறேன்.”

“எல்லாரும்னா யாரு?”

குமுதா மேசையைச் சுற்றிப் பார்த்தாள். பாதிப் பேரின் பெயர் இன்னும் தெரியாது. ஜெயராஜ் எதிரே உட்கார்ந்து, தோசைக்குச் சட்னி போதவில்லை என்று கடைக்காரரோடு வழக்காடிக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்கு வந்து சொல்றேன் அண்ணி” என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.